இருட்டுப் பக்கத்துக் கண்

ஜனவரி 9, வெள்ளி

சுண்டு தூங்கிவிட்டாள். பக்கத்தில் விளக்கு எரிகிறது. அந்த வெளிச்சத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நாளைக்கு ஓவிய வகுப்பு ஆரம்பம். எல்லாம் தங்கையின் வேலை. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் பெயரைக் கொடுத்துவிட்டு, பிறகு போன் பண்ணுகிறாள். "வாரத்துல ரெண்டு மணி நேரம்தான் அக்கா. அந்த ரெண்டு மணி நேரமாவது குழந்தையை விட்டுட்டு வேற எதையாவது உத்துப் பாரு." எண்ணெய் வண்ணமாம். வேதியியல் படித்தவளுக்கு எண்ணெயும் தெரியும் வண்ணமும் தெரியும், இரண்டையும் சேர்த்து ஒரு முகத்தைக் கொண்டுவரத் தெரியாதே என்றேன். "தெரிஞ்சவங்களுக்கு எதுக்குடி வகுப்பு?" என்றாள். அக்காவை 'டி' போட்டுப் பேச எப்போது கற்றுக்கொண்டாளோ.

சனிக்கிழமை மத்தியானம் இவர் வீட்டில்தான் இருப்பார். இருந்தாலும்—

இருந்தாலும் என்ன? அவளுடைய அப்பாதானே.

ஜனவரி 10, சனி

மருந்துக்கடைக்கு மேல் மாடி. குறுகலான படி, ஏற ஏற வண்ணம் கரைக்கிற டர்பன்டைன் வாசனை. குழந்தை இருக்கிற வீட்டுக்கு இதை உடம்பில் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்பதுதான் முதல் யோசனையே. டீச்சர் என்னைவிடச் சின்னவள். தூரிகையைக் கொண்டையில் செருகியிருக்கிறாள், தேடும்போது மட்டும் அது அங்கே இருப்பது ஞாபகம் வருவதில்லை. என்னைத் தவிர இன்னொரு மாணவர், ஒரு பல் டாக்டர். ஒரு வருஷமாக ஒரே பழக்கூடையை வரைந்துகொண்டிருக்கிறார்.

மேஜையில் பழைய ஓவியங்களின் அச்சுப் படங்களைப் பரப்பி, "ஒண்ணு எடுத்துக்குங்க. அதைப் பார்த்து அப்படியே வரையணும். கத்துக்க அதுதான் வழி" என்றாள் டீச்சர். எடுத்தேன். நானூறு வருஷத்துக்கு முந்தையதாம். யார் வரைந்தார்கள் என்று உறுதியில்லை, யாரை வரைந்தார்கள் என்றும் தெரியாது. பழுப்பு உடை போட்ட ஒரு பெண். யாரோ கூப்பிட்டு அப்போதுதான் திரும்பியவள் மாதிரி. இடது பக்கம் எங்கிருந்தோ ஒரே ஒரு வெளிச்சம். நெற்றியில் கொஞ்சம், மூக்குத் தண்டு, ஒரு கண், பாதி உதடு, கழுத்துப்பட்டையின் ஓரம். அவ்வளவுதான். மற்றதெல்லாம் இருட்டு.

பல் டாக்டர் எட்டிப் பார்த்தார். "வெளிச்சம் விழற அழகைப் பார்த்தா என் நாற்காலியில உட்கார்ந்த மாதிரியே இருக்கு. வாயைத் தொறக்கச் சொல்லும்மா."

வெள்ளைத் துணிச் சட்டத்தில் முகத்தைக் கோடாக வரைந்து ஆரம்பிப்போம் என்று நினைத்திருந்தேன். இல்லை. முழுச் சட்டத்தையும் அடர்பழுப்பு பூசி மூடச் சொன்னாள். பூசியாயிற்று. மண் குழைத்துப் பூசிய சுவர் மாதிரி ஒரு சதுரம். "இப்ப துணியை எடுத்துத் துடைங்க அக்கா. வெளிச்சத்தை நாம வைக்கறது இல்ல. இருட்டை வெச்சுட்டு, எங்க வேணுமோ அங்க மட்டும் துடைச்சு எடுக்கறோம்."

பையில் இருந்தது சுண்டுவின் எச்சில் துணி ஒன்றுதான். அதை விரலில் சுற்றி ஒரு இழு இழுத்தேன். ஒரு மூக்கு வந்தது.

நிஜமாகவே வந்தது. இருட்டுக்குள் அது ஏற்கெனவே இருந்து, யாராவது தொடட்டும் என்று காத்துக்கொண்டிருந்த மாதிரி.

நடுவில் இவருக்கு ஐந்து தடவை போன் பண்ணினேன். ஐந்தாவது தடவை இவர், "சுண்டு கேக்கறா, யாரும்மா அது ராங் நம்பரான்னு" என்றார், இன்னும் பேச்சே வராதவளைச் சாக்கு வைத்து.

ஜனவரி 13, செவ்வாய்

காலையில் ஜன்னல் வழியாக வெயில் வந்து எவர்சில்வர் குடத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் நின்றது. மறுபக்கம் எங்கே முடிகிறது, சுவர் எங்கே ஆரம்பிக்கிறது, தெரியவில்லை. குடம் சுவருக்குள் கரைந்து போயிருந்தது. பால் பொங்கி வழிகிற வரைக்கும் அங்கேயே நின்றேன்.

ஜனவரி 15, வியாழன்

விளக்கை அணைத்தால் என்ன என்று இவர் மறுபடி கேட்டார். கோபமாக இல்லை. முழங்கையால் கண்ணை மூடிக்கொண்டு, தூக்கக் கலக்கத்தில். "குழந்தை மணிக்கொரு தடவை முழிச்சுக்கறதே இந்த வெளிச்சத்தாலதாம்மா. டாக்டரும் சொன்னாரே."

டாக்டர் சொன்னார். சரி. ஆனால் டாக்டர் அவளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ராத்திரி பகலாகப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. இரண்டு மாதம் முன்னாடியே பிறந்துவிட்டாள். இவருடைய உள்ளங்கையில் அடங்கிவிடுவாள் போல இருந்தாள், அன்றைக்கு இவர் வைத்த பெயர்தான் சுண்டெலி, சுண்டு. ஆஸ்பத்திரியில் அந்த அறையில் இருட்டே கிடையாது. வெள்ளை வெளிச்சம், பெட்டிப் பெட்டியாக. மார்பு ஏறி இறங்குவதைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்ப்பேன். பார்த்துக்கொண்டிருந்தால் மூச்சு விடுவாள். அப்படித்தான் எனக்குத் தோன்றியது. நான் பார்ப்பதால்தான் விடுகிறாள் என்று.

இப்போது பதினாலு மாதம். எடை சரி, உயரம் சரி, சேட்டைக்குக் குறைவில்லை. பேச்சு மட்டும் இன்னும் வரவில்லை. "கண்ணு எங்க? மூக்கு எங்க?" என்று தினமும் விளையாடுகிறோம். எதைக் கேட்டாலும் காதைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள்.

விளக்கை அணைக்கவில்லை.

ஜனவரி 20, செவ்வாய்

டீச்சர் படத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் வரைய விட்டுவிட்டாள். துணி காயப்போடும் பால்கனியில் வைத்து, நடுக் கதவைச் சாத்திவிட்டு, சுண்டு மத்தியானம் தூங்கும்போது வரைகிறேன். இப்போதெல்லாம் பழுப்புக்கு மேல் வண்ணம். வெளிச்சப் பக்கம் நன்றாகத்தான் வருகிறது. அந்தக் கன்னத்தில் மஞ்சளும் ரோஜாவும் கலந்து வைக்கும்போது, கொஞ்ச நேரம் நான் எங்கேயோ இருக்கிறேன். எங்கே என்று கேட்டால் சொல்லத் தெரியாது. நானூறு வருஷத்துக்கு முந்தைய ஒரு மத்தியானத்தில், அவளுக்கு எதிரே ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறேன். வெளியே குதிரை எதுவும் போகிறதா? கேட்டுப் பார்க்கிறேன். எதிர்வீட்டு வாஷிங் மெஷின்தான் கேட்கிறது.

இருட்டுப் பக்கம்தான் பிடிபடவில்லை. அச்சுப் படத்தில் அங்கே ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாததை எப்படிப் பார்த்து வரைவது?

போனில் அதைப் படம் எடுத்து, வெளிச்சத்தைக் கூட்டிக் கூட்டிப் பார்த்தேன். தெரிந்தது! ஒரு கண். காது மாதிரி ஒன்று. பின்னால் நாற்காலி முதுகு. எனக்குத் தெரியும், இருக்கும் என்று. எல்லாவற்றையும் வரைந்துவிட்டேன்.

ஜனவரி 24, சனி

டீச்சர் படத்தைப் பார்த்ததும் கொண்டையில் இருந்த தூரிகையை உருவி என்னை நோக்கி நீட்டினாள், திருடனைப் பிடித்த மாதிரி.

"அக்கா. போன்ல வெளிச்சம் கூட்டிப் பார்த்தீங்களா?"

"எப்படித் தெரியும்?"

"இந்த நாற்காலி எங்கேர்ந்து வந்துச்சு? அச்சுல மை அப்பியிருக்கு, அதைப் போய் நாற்காலின்னு வரைஞ்சு வெச்சிருக்கீங்க. நல்ல வேளை, மேல ஒரு பூனையையும் உட்கார வெக்காம விட்டீங்களே."

பல் டாக்டர் தன் பழக்கூடையை விட்டுவிட்டு வந்து நின்றார். "ரெண்டு கண்ணும் இருக்கு, சரி. ஆனா இந்தப் பொண்ணு ஏன்மா இப்படித் திருதிருன்னு முழிக்குது? ஊசி போடப் போறேன்னு யாராவது சொன்னாங்களா?"

சிரித்துவிட்டேன். அப்புறம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அச்சுப் படத்தில் இருப்பவள் யாரோ கூப்பிட்டுத் திரும்புகிறாள். என்னுடையவள் தூங்காதவள். ராத்திரி குளியலறைக் கண்ணாடியில் நான் பார்க்கிற முகம்.

"அந்தக் கண்ணை மூடிடுங்க. நான் தொட மாட்டேன், நீங்களேதான் செய்யணும்" என்றாள் டீச்சர்.

ஒன்றை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. போனில் வெளிச்சம் கூட்டிப் பார்ப்பது எனக்குப் புதிது இல்லை. மூன்று பேரும் ஊருக்குப் போகும் பஸ்ஸில், சினிமா தியேட்டரில், கரண்ட் போன ராத்திரிகளில்... இருட்டில் அவள் முகத்தைப் படம் எடுத்து, வெளிச்சம் கூட்டி, உதடு என்ன நிறம் என்று பார்ப்பேன். போன் முழுக்க அந்தப் படங்கள்தான். புள்ளி புள்ளியாக, பச்சையும் சாம்பலுமாக. ஒன்றில்கூட அவள் ஜாடை இல்லை.

ஜனவரி 31, சனி

கண்ணை மூடவில்லை. கழுத்துப்பட்டையை மட்டும் வரைந்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 4, புதன்

இன்றைக்கு நடந்ததை எழுதியே ஆக வேண்டும்.

மார்ச் 2 நான் வேலையில் சேர வேண்டிய நாள். இரண்டு தடவை விடுப்பை நீட்டியாயிற்று, இனிமேல் கிடையாது, வேற ஆளைப் போட்டுவிடுவோம் என்று தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் சொல்லிவிட்டார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அடுத்த தெருவில் குழந்தைகள் காப்பகம், நல்ல இடம், இடம் கிடைப்பதே கஷ்டம். அரை நாள் விட்டுப் பாருங்கள் என்றார்கள். விட்டேன். எதிர்க்கடை வாசலிலேயே நின்றேன், அது வேறு விஷயம். பன்னிரண்டு மணிக்கு உள்ளே போனேன்.

தூங்க வைக்கிற அறை. திரையெல்லாம் இழுத்துவிட்டிருக்கிறார்கள். கதவைத் திறந்தால் இருட்டு. மெத்தைகள் இருப்பது தெரிகிறது, மேலே மேடு மேடாக ஏதோ. எந்த மேடு என் பிள்ளை? தெரியல. எனக்குத் தெரியல! போனை எடுத்து டார்ச்சை அடிச்சேன். ஒரு குழந்தை வீல்னு கத்த, அடுத்தது கத்த, மொத்த அறையும் எழுந்து உட்கார்ந்து அழுகை. சுண்டு மட்டும் அழவில்லை. மூலையில் குப்புறப் படுத்து அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தத்திலும் எழவில்லை. அதுதான் எனக்குத் தாங்கலை. ஏன் எழலை? ஏன்? வாரித் தூக்கிக்கிட்டு வந்துட்டேன்.

காப்பகத்து அம்மா வாசல் வரை வந்தார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இருட்டா இருந்தாத்தான்மா பிள்ளைங்க தூங்கும். உங்க பொண்ணு ஒண்ணரை மணி நேரமா ஒரு தடவைகூடப் புரளலை" என்றார். இடத்தை மாதக் கடைசி வரை வைத்திருப்பாராம்.

ஒன்றரை மணி நேரம். வீட்டில் அவள் அப்படித் தூங்கியதே இல்லை.

பிப்ரவரி 5, வியாழன்

இவரிடம் சொன்னேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன். சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அப்புறம், "வேலை வேண்டாம்னா விடு, எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனா வேண்டாம்னு விடறியா, பயந்து விடறியா?" என்றார்.

"ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

"முதலாவதுன்னா நீ நிம்மதியா இருப்ப."

எனக்கு அந்த வேலை பிடிக்கும். குடுவையைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பது, தெளிந்த தண்ணீரில் என்னென்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது. பிடிக்காமல் என்ன. பார்த்துக்கொண்டே இருக்கிற வேலைதானே.

பிப்ரவரி 7, சனி

போக வேண்டாம் என்றுதான் நினைத்தேன். தங்கை போன் பண்ணிக் கத்தினாள், போனேன்.

வகுப்பில் என்னால் தூரிகையைத் தொட முடியவில்லை. "அக்கா, என்ன?" என்றாள் டீச்சர். காப்பகம், டார்ச், எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பல் டாக்டர் பழக்கூடைக்குப் பின்னால் மறைந்துகொண்டார், பாவம்.

டீச்சர் அறை விளக்கை அணைத்தாள். ஜன்னல் கதவுகளில் ஒன்றைச் சாத்தி, மற்றதைக் கொஞ்சமாகத் திறந்து வைத்து, அதன் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். முகத்தில் பாதி வெளிச்சம். பாதி இல்லை.

"என் வலது கண்ணு தெரியுதா?"

"தெரியலை."

"இருக்கா?"

"இருக்கு. இதென்ன கேள்வி?"

"என்ன பண்ணிட்டு இருக்கு?"

"தெரியலையே."

"இவ்வளவு நேரமா அந்தக் கண்ணால டாக்டரைப் பார்த்துக் கண்ணடிச்சிட்டு இருந்தேன். அவருக்கும் தெரிஞ்சிருக்காது."

பழக்கூடைக்குப் பின்னாலிருந்து, "எனக்குக் கல்யாணமாயிடுச்சும்மா" என்று குரல் வந்தது.

சிரித்தோம். அப்புறம் யாரும் விளக்கைப் போடவில்லை. அப்படியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம். டீச்சரின் வெளிச்சப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கன்னம் எங்கே இருட்டுக்குள் போகிறதோ அந்த இடத்தில் கோடு இல்லை. தண்ணீரில் கால் வைத்து இறங்குகிற மாதிரி இறங்கிப் போகிறது. போனது போனபடி அங்கேயே இருக்கிறது.

பிப்ரவரி 8, ஞாயிறு

மூடிவிட்டேன்.

சுண்டு தூங்கும்போது. பழுப்பும் கறுப்பும் கலந்து, முதலில் நாற்காலி, அப்புறம் காது. கடைசியில் கண். அதற்கு மட்டும் கொஞ்சம் நேரம் ஆயிற்று. மன்னிப்புக் கேட்டேனோ என்னவோ, வாய் அசைந்தது. பூசி முடித்துத் தள்ளி நின்று பார்த்தால், இவள் திரும்பியிருந்தாள். யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 13, வெள்ளி

போச்சு. எல்லாம் போச்சு. காய்ந்ததும் இருட்டுப் பக்கம் முழுக்க வெளுத்துச் சாம்பல் பூத்த அடுப்பு மாதிரி ஆகிவிட்டது. ஆழமும் இல்லை ஒன்றும் இல்லை. வெறும் தட்டை. கண்ணை மூடியிருக்கவே கூடாது. எனக்குத் தெரியும், இப்படித்தான் ஆகும் என்று.

பிப்ரவரி 14, சனி

படம் சாகவில்லையாம். அடியில் இருக்கிற பூச்சு மேலே இருக்கிற எண்ணெயைக் குடித்துவிடுமாம், அதனால்தான் வெளுக்கிறதாம். டீச்சர் ஆளிவிதை எண்ணெய் இரண்டு சொட்டு உள்ளங்கையில் விட்டு, குழந்தைக்குத் தடவுகிற மாதிரி மெதுவாகத் தேய்த்தாள். தேய்த்த இடமெல்லாம் இருட்டு திரும்பி வந்தது. ஈரமாக, ஆழமாக. உள்ளே போய் ஒருவர் உட்காரலாம் போல.

"வேதியியல் படிச்ச உங்களுக்கு இது தெரியாதா?" என்று கேட்டாள். தெரிந்திருக்க வேண்டும்தான்.

பிப்ரவரி 18, புதன்

மறுபடி காப்பகம். போனை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

பன்னிரண்டு மணிக்கு அந்த அறை வாசலில் நின்றேன். காப்பகத்து அம்மா என் கையைப் பார்த்தார், டார்ச் இல்லை என்று தெரிந்ததும் கதவைத் திறந்துவிட்டார். இருட்டு. ஒன்றும் தெரியவில்லை. ஓடிப் போய்த் திரையை விலக்கணும் போல இருந்தது, கால் பரபரத்தது. நின்றேன்.

கொஞ்ச நேரத்தில் இருட்டு பழுப்பாயிற்று. யாரோ துணியால் துடைத்து எடுக்கிற மாதிரி ஒவ்வொன்றாக வந்தது. ஒரு மெத்தையின் ஓரம். ஒரு குட்டிப் பாதம். திரைக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு விரல் அகல வெளிச்சம், அது போய் விழுந்த இடத்தில் ஒரு கன்னம். என் பிள்ளையின் கன்னம். அதுவும் பாதிதான்.

மீதியை நான் பார்க்கவில்லை.

கதவை நானே சாத்தினேன். தெருவில் வந்து எதிர்க்கடையில் ஒரு டீ குடித்தேன். முழுசாகக் குடித்தேன், சூடு ஆறுவதற்குள்.

பிப்ரவரி 22, ஞாயிறு

கனவு. ஒரு நீளமான நடை, எல்லாக் கதவும் பாதி திறந்திருக்கிறது. ஓவியத்துப் பெண் முன்னால் போகிறாள், கையில் விளக்கு. பின்னால் நான். "விளக்கை இங்க கொடு" என்கிறேன். அவள் திரும்பி, "உனக்கெதுக்கு, உனக்குத்தான் வழி தெரியுமே" என்கிறாள். குரல் அப்படியே தங்கையின் குரல். எழுந்தபோது சிரித்துக்கொண்டிருந்தேனாம், இவர் சொன்னார்.

மார்ச் 2, திங்கள்

வேலையில் சேர்ந்தேன். குடுவைகள் அப்படியே இருக்கின்றன. மத்தியானம் காப்பகத்துக்குப் போன் பண்ணவே இல்லை.

பொய். ஒரு தடவை பண்ணினேன். எடுக்கவில்லை. திரும்பப் பண்ணவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

நேற்றோடு படம் முடிந்தது. கடைசியாக இருட்டின் மேல் மெல்லிசாக ஒரு பூச்சு பூச வைத்தாள் டீச்சர், காய ஒரு வாரமாவது ஆகும் என்றாள். பல் டாக்டர் எழுந்து நின்று பார்த்தார். "இப்ப பல்லு கூட நல்லா இருக்கும்னு தோணுது" என்றார். வாயே திறக்காத பெண்ணைப் பார்த்து. அவருடைய பழக்கூடையில் புதிதாக ஒரு பழம் சேர்ந்திருக்கிறது.

ஆணி அடிக்கவில்லை, அதனால் படத்தை நடையில் தரையில் சாய்த்து வைத்திருந்தேன். காலையில் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன், இவர் சமையலறையில். சுண்டு தத்தித் தத்தி நடந்து படத்துக்கு எதிரே போய் நின்றாள். ஒரே உயரம் இரண்டு பேரும்.

"யாரு அது?" என்றேன் துணியைப் பார்த்துக்கொண்டே. வழக்கமான விளையாட்டு. "மூக்கு எங்க?"

காதைப் பிடித்துக்கொண்டாள்.

"கண்ணு எங்க?"

ஆட்காட்டி விரலை நீட்டி, வெளிச்சப் பக்கத்துக் கண்ணைத் தாண்டி, இருட்டுக்குள் ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில் வைத்து அழுத்தினாள்.

"கண்ணு" என்றாள்.

இவர் கரண்டியோடு ஓடி வந்தார். "என்ன சொன்னா? இப்ப என்ன சொன்னா?" சுண்டு ஏதோ தினமும் பேசுகிறவள் மாதிரி எங்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பழுப்பு விரலை வாய்க்குக் கொண்டுபோனாள். பாய்ந்து பிடித்துக் கழுவினேன். மூன்று தடவை. சரி, நான்கு.

விரல் அடையாளம் அங்கேயே பதிந்துவிட்டது. பக்கத்தில் போய்ப் பார்த்தால் ரேகைகூடத் தெரிகிறது, தள்ளி நின்றால் இருட்டுதான். சரிசெய்து தரட்டுமா என்று டீச்சர் போனில் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

இவரும் அவளும் தூங்குகிறார்கள். நான் சமையலறை மேஜையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அந்த அறையில் எழுத வெளிச்சம் இல்லை.